ஏடும் படியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தாய்நாட்டின் கரையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், கடல் சூழ்ந்த இத்தீவில், தமிழ் பேசும் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடி விழா எடுப்பதும், அவ்விழாவின் நினைவாக மலர் ஒன்று வெளியிடுவதும் பாராட்டுதற்குரிய செயல்களாகும். இவ்வாண்டு மலரில் எழுதியவர்களையும், அதனை உருவாக்கியவர்களையும் முதற்கண் வாழ்த்துகின்றேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், எழுதியது அழியாமல் வாழ்வதற்குரிய ஒரு வழியைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஒரு வலைப்பதிவில் எழுதியதை அதே நேரத்தில் வேறு தளங்களிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறு கருவியைப் பற்றியது. அதனைச் செருகுநிரல் என்று தமிழில் வழங்குகின்றனர். இது கணிப்பொறி கற்ற இளைஞர்க்கு மட்டும் உரிய செய்தி என்று பெரியோர்கள் எண்ணிவிட வேண்டா. கருவி புதியதே ஒழிய, அது செய்யும் வேலை நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்த வேலைதான்.

முன்னோர் கண்ட வழி

பனையோலைக்கு வாழ்நாள் உண்டு. செல்லும் பூச்சியும் ஈரமும் தீயும் அதன் பகைவர்கள். ஆகவே ஓர் ஏடு பழுதுபடத் தொடங்கியதும் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைப்பது வழக்கமாயிற்று. அவ்வாறு எழுதிய ஏட்டினைப் படி என்றனர். மூல ஏடு ஓர் ஊரில் இருக்கும்; படிகள் மடங்களிலும், புலவர் இல்லங்களிலும், செல்வர் மாளிகைகளிலும் இருக்கும். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் நூல் பிழைக்கும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றை நாம் அறிவோம். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அவர் அச்சேற்றினார். அந்நூல்கள் நமக்குக் கிடைத்தமைக்கு அப்பெரியாரின் உழைப்பு ஒரு காரணம். அவருக்கு முன்னர்ப் பெயர் தெரியாத எத்தனையோ பேர் படியெடுத்து வைத்தது மற்றொரு காரணம். அவர்கள் எழுதி வைத்திராவிட்டால், ஐயரவர்கள் தேடிச் சென்றும் கிடைத்திருக்கக்கூடியது யாதுமில்லை.

படி இல்லாத இடத்தில் நேரும் இழப்பையும் நாம் கண்டிருக்கின்றோம். 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களுள் பலவற்றை வேறு நூலகங்களிலிருந்து மீண்டும் பெற முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத கையெழுத்துச் சுவடிகளை எவராலும் மீட்க இயலவில்லை. கட்டடத்தை மீண்டும் எழுப்பினார்கள். அச்சுவடிகளை எழுப்ப வழியில்லை. 2005இல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்து வைக்க நூலகம் என்னும் பெயரிலேயே ஒரு திட்டம் தோன்றியதை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். பட்ட பாடு கற்பித்த பாடம் அது.

ஆதலின், ஓர் எழுத்துக்கு மூலமும் வேண்டும், படியும் வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. அதனை இக்காலத்தில் செய்வது எங்ஙனம் என்பதே கேள்வி.

கருவி செய்யும் வேலை

2003ஆம் ஆண்டு முதல் தமிழர் பலர் வலைப்பதிவு எழுதத் தொடங்கினர். அச்சகமும் பதிப்பகமும் இன்றி, எண்ணியதை எழுதி அன்றே உலகுக்கு அளிக்கும் வாய்ப்பு அது. 2004இல் காசி ஆறுமுகம் அவர்கள் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் எழுதிய பதிவுகளின் தலைப்புகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. திரட்டி என்பது ஊர்ப் பொது மன்றத்து அறிவிப்புப் பலகையைப் போன்றது. இன்னார் வீட்டில் இன்ன செய்தி உண்டு என்று அது வழிகாட்டும். செய்தி அவரவர் வீட்டிலேயே இருக்கும். அவ்வீடு இடிந்தால் செய்தியும் போயிற்று.

நான் குறிப்பிடும் செருகுநிரல் அத்தகையதன்று. அது வழிகாட்டுவதோடு அமையாமல், எழுத்தையே படியெடுத்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். 2003இல் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் வெளிவந்தது. ஒருவர் தமக்கெனத் தனித் தளம் அமைத்துக்கொண்டு எழுத அது உதவியது. அதற்கு முன்னரே, 1999இல், பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க மாணவர் லைவ்ஜர்னல் என்னும் நாட்குறிப்புத் தளத்தைத் தொடங்கியிருந்தார். பலருடைய நண்பர்கள் அங்கேயே இருந்தனர். தனித் தளத்தில் எழுதினால் நண்பர் படிப்பதில்லை. லைவ்ஜர்னலில் எழுதினால் எழுத்து தம் கையில் இருப்பதில்லை. இந்த இக்கட்டினைத் தீர்க்கவே வேர்ட்பிரஸ்ஸிலிருந்து லைவ்ஜர்னலுக்குப் படி அனுப்பும் செருகுநிரல் ஒன்று உருவாக்கப்பட்டது.

அது இயங்கும் முறை எளியது. எழுதுபவர் தம் தளத்தில் வெளியிடு என்னும் பொத்தானை அழுத்தியதும் செருகுநிரல் விழித்துக்கொள்ளும். தலைப்பையும், உள்ளடக்கத்தையும், குறிச்சொற்களையும் ஒரு பொதியாகக் கட்டும். அதனை இணையத்தின் வழியே லைவ்ஜர்னலின் வாயிலுக்குக் கொண்டு செல்லும். இப்பதிவருக்கு இங்கு எழுத உரிமை உண்டு என்பதற்குச் சான்று காட்டும். அத்தளம் பதிவினை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஓர் எண் இட்டுத் திருப்பித் தரும். செருகுநிரல் அவ்வெண்ணை மூலப்பதிவின் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளும்.

அந்த எண்தான் இதன் உயிர்நாடி. ஏட்டுச் சுவடிகளுக்கு இருந்த பெரும் குறை யாது? மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், முன்பே சென்றுவிட்ட படிகளில் அப்பிழை அப்படியே இருக்கும். படிக்குப் படி பாடம் வேறுபடும். ஐயரவர்கள் போன்றோர் பல ஆண்டுகள் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு உழைக்க நேர்ந்தது அதனால்தான். இக்கருவியோ, மூலத்தில் ஒரு சொல்லை மாற்றியதும், தான் குறித்து வைத்த எண்ணைக் கொண்டு அடுத்த வீட்டிலுள்ள அதே பதிவினைத் தேடிப்பிடித்து அங்கும் மாற்றிவிடும். மூலத்தை நீக்கினால் படியையும் நீக்கும். படியின் தலையிலோ அடியிலோ, இதன் மூலம் இன்ன தளத்தில் உள்ளது என்று ஒரு வரியையும் சேர்க்கும். எவ்வகைப் பதிவுகளை அனுப்புவது, எவற்றை அனுப்பாமல் விடுவது, அங்கே யார் யார் படிக்கலாம் என்பனவற்றை உரியவரே முடிவு செய்யலாம்.

மூலப்பதிவைத் தாய்ப்பதிவு என்றும், அனுப்பிய படியைச் சேய்ப்பதிவு என்றும் நாம் வைத்துக்கொள்வோம். தாய் ஒன்று, சேய்கள் பல. தாய் தன் வீட்டில் இருக்க வேண்டும். சேய்கள் எங்கும் செல்லலாம். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

தீவுக்கு இதனால் யாது பயன்?

தலைநிலத்தில் வாழ்வோருக்கு இது ஒரு வசதி. தீவில் வாழும் நமக்கோ இது அதனினும் மேலானது. 2020 வரையில் நம் தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பி இருந்தது. ஒரு படத்தை ஏற்றுவதற்குள் பொறுமை கெடும் என்பதை இங்குள்ள ஒவ்வொரு மாணவரும் அறிவர். 2018 டிசம்பர் 30ஆம் நாள் சென்னைக்கும் நம் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கம்பி அமைக்கும் பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் அது திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும், 1,224 கோடி ரூபாய் மதிப்பும் உடைய அக்கண்ணாடியிழைக் கம்பி, போர்ட் பிளேரோடு சுயராஜ்ய தீவு, லாங் தீவு, ரங்கத், சின்ன அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களையும் இணைத்தது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றதையும் நாம் அறிவோம்.

செயற்கைக்கோள் காலத்து இடர்ப்பாட்டினைக் கொண்டு இக்கருவியின் நுட்பத்தை விளக்கலாம். மூன்று தளங்களில் ஒரு கட்டுரையை வெளியிட விரும்பும் தீவுவாசி ஒருவர், கருவி இல்லையெனில் மும்முறை அதனை ஏற்ற வேண்டும். மும்முறையும் அது இந்தக் குறுகிய வழியினூடே ஊர்ந்து செல்ல வேண்டும். கருவி இருந்தால் ஒருமுறை ஏற்றினால் போதும். அவருடைய தளம் இருக்கும் வழங்கிக் கணிப்பொறி தலைநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கின்றது. அங்கிருந்து மற்றத் தளங்களுக்குப் படி செல்வது அங்குள்ள அகன்ற வழியில்தான். நம் குறுகிய வழிக்கு அதனால் சுமையில்லை. கடிதம் ஒன்றைக் கப்பலில் அனுப்பி, சென்னையில் இறங்கியபின் அங்குள்ளோர் அதனைப் பத்துப் படி எடுத்துப் பத்து ஊருக்கு அனுப்புவது போன்றது இது. பத்துக் கடிதங்களும் கடல் கடக்க வேண்டியதில்லை.

கம்பி வந்தபின் வழி அகன்றுவிட்டது. எனினும் கடல் கடலேயாம். கம்பி பழுதுபட்டால் தீவு மீண்டும் தனித்து நிற்கும். அந்நாளில், தாய்ப்பதிவைத் தீவில் உள்ள ஒரு கணிப்பொறியில் மட்டும் வைத்திருந்தால் உலகம் அதனைக் காணாது. தலைநிலத்தில் மட்டும் வைத்திருந்தால் நாம் அதனைக் காணமாட்டோம். இரண்டிடத்தும் இருக்க வேண்டும்.

ஈதன்றியும், நம் தட்பவெப்பத்தைக் கருத வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் நாடு இது. காகிதம் பூஞ்சை பிடிக்கின்றது, கறையான் அரிக்கின்றது. நாம் வெளியிடும் மலர் சில நூறு படிகளே அச்சாகின்றது. அவை அலமாரியில் எத்தனை ஆண்டு இருக்கும்? நம்மிடையே உள்ள பெரியோர்கள் தம் வீட்டில் 20 ஆண்டுகளுக்கு முந்தைய மலர் ஒன்று முழுமையாக இருக்கின்றதா என்று தேடிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

வாடகை வீடும் சொந்த வீடும்

தாய் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். அதற்கான காரணத்தைச் சில வரலாறுகளைக் கொண்டு விளக்குகின்றேன்.

இணையம் பரவத் தொடங்கிய நாளில் ஜியோசிட்டீஸ் என்னும் நிறுவனம் எவருக்கும் விலையின்றி இடம் கொடுத்தது. தமிழர் பலரும் அதில் பக்கங்கள் அமைத்தனர். 2009 அக்டோபர் 26ஆம் நாள் அது மூடப்பட்டது. தன்னார்வலர் சிலர் விரைந்து முயன்று ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர், எஞ்சியது போயிற்று. வேறெங்கும் படி வைத்திராதவர்களின் எழுத்து அத்துடன் முடிந்தது.

யாகூ குழுமங்கள் என்பனவும் அத்தகையனவே. வலைப்பதிவு தோன்றுவதற்கு முன்னர்த் தமிழில் கதையும் கட்டுரையும் விவாதமும் வளர்ந்த இடங்கள் அவை. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று பல குழுக்கள் அங்கே இயங்கின. 2019 டிசம்பரில் அவற்றின் பழைய மடல்கள் நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் அச்சேவையே நின்றது. மரத்தடிக் குழுவினர் தம் எழுத்துகளைத் தனி இணையத்தளம் ஒன்றிலும் தொகுத்து வைத்திருந்தனர். இருவிடத்தில் வைக்கும் அறிவு அவர்களுக்கு முன்னரே இருந்தது.

மிகுந்த படிப்பினை தரும் வரலாறு போஸ்டரஸ் என்னும் நிறுவனத்தினுடையது. 2008இல் தொடங்கிய அதன் சிறப்பே நாம் பேசும் இந்த வேலைதான். ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்; அதனைப் பதிவாக்கி, நீங்கள் சொன்ன எல்லாத் தளங்களுக்கும் அது படி அனுப்பும். பலர் அதனையே தம் வீடாகக் கொண்டனர். 2012இல் டுவிட்டர் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 2013 ஏப்ரல் 30ஆம் நாள் அது மூடப்பட்டது. படி அனுப்பும் அஞ்சல்காரன் வீட்டிலேயே மூலத்தையும் வைத்தவர்கள், அந்நாளுக்குள் தம் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. கருவி நம் வீட்டில் வேலை செய்ய வேண்டுமேயன்றி, நாம் கருவியின் வீட்டில் குடியிருத்தல் ஆகாது.

லைவ்ஜர்னலின் கதை வேறுவகை. அது மூடப்படவில்லை, கைமாறியது. 2005இல் சிக்ஸ் அப்பார்ட் என்னும் நிறுவனத்திடமும், 2007இல் ருஷ்ய நாட்டு நிறுவனம் ஒன்றிடமும் சென்றது. 2016 இறுதியில் அதன் வழங்கிகள் ருஷ்யாவுக்கு மாற்றப்பட்டன. 2017 ஏப்ரலில் அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்ட புதிய விதிகள் வகுக்கப்பட்டன. அதனை விரும்பாத பலர், 2009இல் தோன்றிய டிரீம்விட்த் என்னும் தளத்திற்குக் குடிபெயர்ந்தனர். அத்தளமோ தொடக்கமுதலே இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருந்தது. பழைய பதிவுகளை எல்லாம் இறக்கிக்கொள்ள முடிந்தது. புதிதாக எழுதுவதன் படியை லைவ்ஜர்னலுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்க முடிந்தது. வீடு மாறினாலும் பழைய தெருவிலுள்ள நண்பர் தொடர்பு அறாமல் இருக்க அது உதவியது. குடிபெயர்தலின் துன்பம் அறிந்த நமக்கு அவ்வேற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

2011இல் தோன்றிய இண்டிவெப் என்னும் இயக்கத்தார் இக்கொள்கையை ஒரு நெறியாகவே வகுத்துக்கொண்டனர். முதலில் தன் தளத்தில் வெளியிட வேண்டும். பின்னரே பிற தளங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்நெறி. 2018 ஜனவரியில் ஆக்டிவிட்டிபப் என்னும் பொது விதிமுறை உலகளாவிய வலை அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. அதனைப் பின்பற்றும் தளங்கள், எவர் நடத்துவனவாயினும், ஒன்றுக்கொன்று பதிவுகளைக் கொடுத்து வாங்கிக்கொள்ள முடிகின்றது. வேர்ட்பிரஸ்ஸுக்கும் அதற்கென ஒரு செருகுநிரல் உண்டு.

எச்சரிக்கைகள் சில

கருவியின் நன்மையை மட்டும் கூறி அமர்தல் முறையன்று. அதனால் நேரக்கூடிய இடர்களையும் கூற வேண்டும்.

முதலாவது, கதவுகள் நம் கையில் இல்லை. 2018 ஆகஸ்டு முதல் ஃபேஸ்புக், தனியார் பக்கங்களுக்குக் கருவிகள் தாமாகவே படி அனுப்புவதை நிறுத்திவிட்டது. 2023இல் டுவிட்டர் அவ்வாயிலுக்குப் பெருந்தொகை கேட்டது. வேர்ட்பிரஸ் வழியே தானாகச் சென்றுகொண்டிருந்த படிகள் நின்றன. சேய் சென்று சேரும் என்று என்றும் நம்பியிருத்தல் ஆகாது. தாய் பத்திரமாக இருந்தால், ஒரு கதவு மூடியதும் வேறொரு கதவைத் தட்டலாம்.

இரண்டாவது, சாவியைப் பற்றியது. அடுத்த வீட்டில் படி வைக்க வேண்டுமானால் அவ்வீட்டுச் சாவியை நம் வீட்டில் வைத்திருக்க வேண்டும். நம் வீட்டில் களவு போனால் அச்சாவியும் போகும். ஆதலின் முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடாமல், கருவிக்கென்றே தனிக் கடவுச்சொல் தரும் வசதி உள்ளவிடத்து அதனையே பயன்படுத்த வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் 2020 டிசம்பர் முதல் அவ்வசதி உண்டு. நீண்ட காலம் புதுப்பிக்கப்படாத செருகுநிரலை நிறுவவே கூடாது. பழுதுற்ற பூட்டு, பூட்டில்லாமையினும் தீது. காவல் இருப்பதாக நம்மை ஏமாற்றும்.

மூன்றாவது, மறைவு பற்றியது. ஒரு தளத்தில் நண்பர்க்கு மட்டும் என்று எழுதியது, மற்றொரு தளத்தில் எல்லார்க்கும் என்று போய் அமர்ந்துவிடக் கூடும். குடும்பச் செய்தி, நோய்ச் செய்தி, சிறுவர்களின் படம் முதலியவற்றை அனுப்புமுன் ஒவ்வொரு தளத்தின் அமைப்பையும் சரிபார்த்தல் வேண்டும். கருவி படியை நீக்கிவிடும் என்றேன். ஆயின் இடையில் ஒருவர் அதனைத் தம் கணிப்பொறியில் எடுத்து வைத்துக்கொண்டால் அதனை நீக்கக் கருவியால் ஆகாது.

நான்காவது, உரையாடல் சிதறும். ஒரே கட்டுரைக்கு இங்கே நால்வரும் அங்கே அறுவரும் கருத்துரைப்பர். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. படியில் கருத்துரை வாயிலை மூடிவிட்டு, தாய்ப்பதிவுக்கு வாருங்கள் என்று அழைப்பதே நன்று. தேடுபொறிகளும் எது மூலம், எது படி என்று மயங்கும். அம்மயக்கம் தீர்க்க, மூலத்தின் முகவரியைப் படியினுள் குறிக்கும் முறை ஒன்றை 2009இல் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. படி வைக்கும் தளம் இடம் தருமாயின் அக்குறிப்பினைச் சேர்த்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

இனி நம் சங்கத்திற்கு வருகின்றேன்.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். அவர்கள் வந்த வழிகள் பல. வேலை தேடித் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் உண்டு. பர்மாவிலிருந்து வந்தோர் உண்டு. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்கள் உண்டு. அவர்களுடைய வரலாறு எந்த நூலில் இருக்கின்றது? அரசாங்கக் கோப்புகளில் எண்ணிக்கை இருக்கலாம். மண்டபத்தில் இறங்கியதும், காடு திருத்தியதும், முதற் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அவர்களுடைய நினைவில்தான் இருக்கின்றன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலையும் கார் நிக்கோபாரையும் பெரிய நிக்கோபாரையும் தாக்கியது. மனிதர் மாண்டனர், வீடுகள் போயின. உயிரிழப்பின் முன் காகித இழப்பைப் பேசுதல் சிறுமை என்று தோன்றலாம். ஆயினும், பெட்டியில் இருந்த திருமணப் படமும், பள்ளிச் சான்றும், தகப்பனார் கைப்பட எழுதிய கடிதமும் அலையோடு சென்றபின், பிழைத்தவர்க்கு மாண்டவரை நினைவூட்ட எதுவும் மிஞ்சவில்லை என்பதும் ஒரு துயரமே. அவற்றுக்கு வேறோரிடத்தில் படி இல்லை.

அதே ஆழிப்பேரலை நாள்களில் பீட்டர் கிரிஃபின், ரோகித் குப்தா, தினா மேத்தா ஆகியோர் ஒரு கூட்டு வலைப்பதிவைத் தொடங்கினர். உலகின் பல பகுதிகளிலிருந்து தொண்டர்கள் அதில் சேர்ந்து, உதவி எங்கே வேண்டும், எங்கே கிடைக்கும் என்னும் செய்திகளை இரவும் பகலும் எழுதினர். ஒருவர் அறிந்தது பலர் கண்ணில் பட்டால் உயிர் காக்கும் என்பதை அவர்கள் காட்டினர். பேரிடர் நேரத்தில் செய்தியைப் பலவிடத்தில் வைப்பது உயிரைக் காக்கின்றது. மற்ற நேரத்தில் அது நினைவைக் காக்கின்றது.

ஆகவே சங்கத்தின் முன் சில கருத்துகளை வைக்கின்றேன்.

சங்கத்தின் பெயரால் சொந்த முகவரியுடைய ஒரு வலைத்தளம் அமைக்க வேண்டும். அதுவே நம் தாய்வீடு. அதன் ஆண்டுக் கட்டணம் தவறாமல் செலுத்தப்பட வேண்டும். அதன் சாவி ஒருவரிடம் மட்டும் இராமல் பொறுப்பாளர் மூவரிடமேனும் இருக்க வேண்டும். ஒருவர் மாற்றலாகிச் சென்றதும் தளமும் மறைந்தது என்னும் நிலை வரலாகாது. அரசுப் பணியாளர் நிறைந்த இவ்வூரில் இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டு மலரின் ஒவ்வொரு கட்டுரையும், எழுதியவரின் ஒப்புதலோடு, அத்தளத்தில் ஒரு பதிவாக ஏற வேண்டும். செருகுநிரலின் வழியே அதன் படி வேறு இரண்டு தளங்களுக்கேனும் செல்ல வேண்டும். பழைய மலர்களைக் கைவசம் வைத்திருப்போர் கொடுத்துதவினால், நம் மாணவர்கள் விடுமுறையில் தட்டச்சு செய்யலாம். தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்கும். பாட்டனார் எழுதியதைப் பேரன் படித்தான் என்னும் பயனும் கிடைக்கும்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்வாறு பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்ந்ததே. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்னும் முயற்சி, வலைப்பதிவுகளில் இருந்த எழுத்துகளை ஆசிரியர் ஒப்புதலோடு மின்னூல்களாக்கிப் பொதுவில் வைத்தது. அவர்கள் நம்மினும் பெருஞ்செல்வர் அல்லர். ஆள் தொகையும் பெரிதன்று. செய்வோம் என்று அமர்ந்து செய்தனர், அவ்வளவே.

முதியோர்களின் வாய்மொழி வரலாற்றை எழுதிச் சேர்க்க வேண்டும். இதற்குக் காலம் மிகக் குறைவு. ஏட்டைக் கறையான் தின்னப் பல ஆண்டு ஆகும். ஒரு மூதாட்டியின் நினைவு ஒரே இரவில் போய்விடும். சொல்பவர் எதனைப் பொதுவில் வைக்கலாம், எதனைக் குடும்பத்தோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும்.

இறுதியாக, ஆண்டுக்கொருமுறை தளம் முழுவதையும் இரண்டு வட்டுகளில் இறக்கி, ஒன்றை இங்கும் ஒன்றைத் தலைநிலத்திலும் வைக்க வேண்டும். செருகுநிரல் நாள்தோறும் செய்யும் வேலையை மனிதர் ஆண்டுக்கொருமுறை சரிபார்த்தல் இன்றியமையாதது. பிழையையும் நீக்கத்தையும் கருவி உண்மையாகவே படியெடுக்கும். ஒருவர் கைதவறி மூலத்தை நீக்கினால், சொன்னபடி கேட்கும் கருவி சேய்களையும் நீக்கிவிடும். அந்நாளில் நம்மைக் காப்பது தொடர்பற்று ஒதுங்கியிருக்கும் வட்டு ஒன்றே.

அன்பர்களே, படியெடுத்தவர் பெயர் பெரும்பாலும் வரலாற்றில் நிற்பதில்லை. எழுதியவர் பெயர் நிற்கும்; அச்சிட்டவர் பெயர் நிற்கும்; இடையில் இரவு விளக்கில் அமர்ந்து ஓலையில் கீறியவர் யார் என்று நாம் அறியோம். ஆயினும் அவர் இன்றேல் மற்ற இருவரும் இல்லை. அத்தகைய பணி இப்போது எளிதாகிவிட்டது. ஒரு பொத்தானின் அளவுக்கு எளிதாகிவிட்டது. எளிதான பின்னும் செய்யாதிருந்தோம் என்று நம் பேரர் கூறும்படி விடலாகாது. அடுத்த ஆண்டு இதே மேடையில் இம்மலரை வெளியிடும்போது, இவ்வாண்டு மலரைத் திருச்சியில் ஒருவரும், கோலாலம்பூரில் ஒருவரும், கச்சாலில் ஒருவரும் படித்துவிட்டார்கள் என்று நம் செயலாளர் அறிக்கை வாசிக்கக் கேட்க விரும்புகின்றேன்.

அதற்கான வேலையை நாளையே தொடங்குமாறு சங்கத்தாரையும், குறிப்பாக மாணவச் செல்வங்களையும் கேட்டுக்கொள்கின்றேன்.